முடா

குவோப்பியோ மருத்துவமனையின் கீழ்த்தள அறைக்கு
ஜன்னல் கிடையாது.
நவம்பர். மணி மூன்றரை.
மேலே இந்நேரம் ஏரி இருண்டிருக்கும்.
பதினேழு வார்டுகளின் தலைமைச் செவிலியர்கள்
ஏலக்காய் பன்னைப் பிய்த்துத் தின்றபடி
கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் வெஸ்தெரினென்
டிராக்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்.
"முடா என்றால் வீண்" என்கிறார்.
காத்திருப்பு வீண். தேடல் வீண்.
ஒரே கேள்வியை ஒரே நோயாளியிடம்
நாலு பேர் கேட்பதும் வீண்.

ஜப்பானியச் சொல்.
கொஞ்சம் நீட்டினால் என் மொழியில் அது வசவு.
அங்கே யாருக்கும் அது தெரியாது.
ஹில்லெவி தன் நோட்டில்
குண்டு குண்டாக எழுதிக்கொள்கிறாள்.

"நாளைக்கு உங்கள் வார்டில் நில்லுங்கள்.
திருத்தாதீர்கள். உதவாதீர்கள்.
பாருங்கள், போதும்."

காலை ஆறு ஐம்பது.
அட்டையில் வார்டின் வரைபடம், கையில் மூன்று பென்சில்.
ரோன்யாவுக்குச் சிவப்பு, மெர்விக்குப் பச்சை,
அப்திக்கு நீலம்.
அவர்கள் கால் போன வழியெல்லாம் கோடு.
அழைப்பு மணி அடிக்கிறது.
இவள் கால் தானாகக் கிளம்புகிறது,
பென்சிலைக் கடித்துக்கொண்டு நிறுத்துகிறாள்.
இருபத்தாறு வருட வேலையில்
இவ்வளவு கடினமாக அவள் எதையும் செய்ததில்லை.

ஒன்பது மணிக்குள்
தாள் சிக்கெடுக்காத தலை.
மூன்று நிறமும் ஓரிடத்தில்
முடிச்சிட்டுக் கிடந்தன.
அது மருந்தறை இல்லை.
துணி அலமாரி இல்லை.
வெறும் நடைவழி, ஒரு தூண், ஒரு சுவர்க் கடிகாரம்.
இங்கே எதற்கு வருகிறார்கள்?

பத்தரைக்கு
காபி இயந்திரத்தின் பக்கம் நகர்ந்தாள்.
முடிச்சும் நகர்ந்தது.

"ஹில்லெவி, சாவி."
"பம்ப் எடுக்கணும், சாவி."
யோசிக்காமலே பையில் கைவிட்டு
யோசிக்காமலே நீட்டியிருக்கிறாள், காலையிலிருந்து
பத்தொன்பது முறை.

பதினோரு வருடம் முன்பு
இரண்டு இன்ஃப்யூஷன் பம்ப்கள் காணாமல் போயின.
அன்று பூட்டியது.
ஆறு நாள் கழித்து
பக்கத்து வார்டில், ஒரு கட்டிலுக்கடியில் கிடைத்தன.
பம்ப்கள் திரும்பி வந்தன,
பூட்டு தங்கிவிட்டது.

பன்னிரண்டாம் கட்டிலில் ரைஸானென்.
மருந்துப் பை தொங்குகிறது, சொட்டவில்லை.
பதினான்கு நிமிடம்.
அவர் முணுமுணுக்கவில்லை.
பனியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவர்,
காத்திருப்பது அவருக்குப் பழக்கம்.
அதுதான் இவளைச் சுட்டது.

மறுநாள் கீழ்த்தளம்.
ஒருத்தி கையுறைப் பெட்டியை இடம் மாற்றி
நாளுக்கு முந்நூறு மீட்டர் மிச்சம் பிடித்திருந்தாள்.
கைதட்டினார்கள்.
ஹில்லெவி தன் தாளை ஒட்டினாள்.
"முடிச்சில் இருப்பது என்ன?"
"நான்."
யாரோ சிரித்தார்கள்,
அப்புறம் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
சாவி கேட்டு வந்த ஒவ்வொரு காலடியும்
அவளுக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை
பராமரிப்பு ஆள் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.
இரண்டே நிமிடம்.
கதவில் மிஞ்சியவை நான்கு சிறு துளைகள்.
அந்த வசவுக்கு என் மொழியில்
இன்னொரு பொருளும் இருக்கிறது: மூடாக் கதவு.

ரோன்யா அவளைக் கடந்து போனாள்.
பம்ப்பை எடுத்தாள், திரும்பிப் போனாள்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அப்தியும் அப்படியே.
பதினொன்றரை மணிவரை
ஹில்லெவியை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.
கை பையைத் துழாவியது,
மறுபடி துழாவியது.

நடந்தாள்.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து ரைஸானென்.
மருந்து ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது,
அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்,
தன் கோட்டை எந்த நிறத்தில் வரைவது
என்று தெரியாமல்.